நான் போடாத என் கையெழுத்து

மஞ்சள் காமாலையில் நான் மார்த்தாண்டத்தில் படுத்துக் கிடந்த மூன்று வாரத்துக்குள், திருவனந்தபுரத்தில் நாற்பத்திரண்டு பெண்களுக்கு உடம்பில் ஒன்றுமில்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கீழாநெல்லியும் மோரும் குடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி பாத்ரூமுக்குப் போய்வந்த நாட்கள் அவை. பேனாவைத் தொடவே இல்லை. ஆனால் நாற்பத்திரண்டு தாளிலும் என் பெயர், என் படிப்பு, என் பதிவு எண், அதற்கு மேலே வலப்பக்கம் சாய்ந்து விழுகிற மாதிரி நான் போடும் கையெழுத்து, எல்லாம் இருந்தன. நாற்பத்திரண்டும் ஒரே அச்சு. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. வரட்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் நோய்க்குறியியல் டாக்டர். இப்படி ஒரு டாக்டர் இருப்பதே பலருக்குத் தெரியாது. நாங்கள் நாடி பிடிக்க மாட்டோம், ஊசி போட மாட்டோம். ரத்தம், சளி, அறுத்தெடுத்த சதைத் துணுக்கு, இதையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இன்னது என்று எழுதிக் கீழே கையெழுத்துப் போடுவோம். அவ்வளவுதான் வேலை. அந்தக் கையெழுத்தை எடுத்துவிட்டால் என்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லை. என் முகத்தை ஒரு நோயாளியும் பார்த்ததில்லை. அவர்கள் பார்ப்பது அந்தக் கோணல் கோட்டை மட்டும்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் திருவனந்தபுரத்தில் மூன்று லேப்களுக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இந்தக் கதை மத்தியான லேப்பைப் பற்றியது. அதன் முதலாளி முன்பு மருந்துக் கம்பெனி விற்பனையாளராக இருந்தவர். எப்போதும் சிரித்த முகம். அவரைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லியே ஆக வேண்டும் என்றால், அவருடைய லேப்பில் டீ நன்றாக இருக்கும்.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லாமல் கம்ப்யூட்டரைத் திட்டுவது நியாயமில்லை. சனிக்கிழமைகளில் நான் ஊருக்குப் போவேன். ஞாயிறு காலை ஆராதனைக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாரம் முழுக்கத் தொலைபேசியில் பாட்டுக் கேட்க வேண்டியிருக்கும். நாகர்கோவில் பாசஞ்சரைப் பிடிக்கிற அவசரத்தில், திங்கட்கிழமைவரை தேவைப்படும் என்று இருபது முப்பது வெற்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போவேன். சர்க்கரை, உப்பு, கொலஸ்ட்ரால், இதற்கெல்லாம் மெஷின் தரும் எண்தானே, டெக்னீஷியன் எழுதிக்கொள்வார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நான் மட்டுமல்ல. எனக்குத் தெரிந்த டாக்டர்கள் பாதிப்பேர் அப்படித்தான் செய்தார்கள். அதை யாரும் தப்பாகவே நினைக்கவில்லை. ஒரு வகையில் திறமை என்றுகூட நினைத்தோம்.

ஆகவே முதலாளி ஸ்கேனர் வாங்கிய அன்று புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. என் சனிக்கிழமைப் பழக்கத்தை வாரம் ஏழு நாளாக்கினார், அவ்வளவுதான். ஒரு வெள்ளைத் தாளையும் கறுப்புப் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

"ஒரே ஒரு ஒப்பு மதி டாக்டரே. பின்னே ஜென்மம் முழுக்க ஒப்பிட வேண்டா."

மதி என்றால் போதும், ஒப்பு என்றால் எங்கள் பக்கத்திலும் கையெழுத்துதான். மூன்று ஒப்புப் போட்டுக் கொடுத்தேன். டெக்னீஷியன் அதில் நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேன் செய்து, சுற்றியிருந்த தூசிப் புள்ளிகளையெல்லாம் கம்ப்யூட்டரிலேயே அழித்துச் சுத்தமாக்கினார். பிரிண்ட் கொடுத்ததும் ரிப்போர்ட்டின் அடியில் என் கையெழுத்து தானாக வந்து விழுந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் தட்டினேன்.

அதற்கு மறு வருடம்தான் மஞ்சள் காமாலை. நான் ஊரில் கிடந்தபோது பொன்முடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் ஏதோ ஒரு சங்கம் பெண்களுக்கு முகாம் நடத்தியிருக்கிறது. கர்ப்பப்பை வாயில் புற்று இருக்கிறதா என்று பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. அங்கிருந்து கொஞ்சம் சளியை வழித்தெடுத்து ஸ்லைடில் தடவி, சாயம் ஏற்றி, நாங்கள் பார்க்க வேண்டும். பெண்கள் கூச்சத்தை விட்டு வந்து படுத்திருக்கிறார்கள். நாற்பத்திரண்டு ஸ்லைடு சேர்ந்து எங்கள் லேப்புக்கு வந்தது. பத்தாம் நாள் விழா. பெரிய மனிதர்கள் மேடையில் நின்று ஒவ்வொரு பெண்ணையும் பெயர் சொல்லி அழைத்து ரிப்போர்ட் கொடுப்பதாக ஏற்பாடு.

டாக்டர் படுத்திருக்கிறாள். ஸ்லைடைப் பார்க்க ஆளில்லை. விழாவைத் தள்ளிப்போட முடியாது. முதலாளி என்ன செய்தார் என்றால், கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருந்த "புற்று அணுக்கள் எதுவும் காணப்படவில்லை" என்ற வாசகத்தை நாற்பத்திரண்டு பெயருக்கும் போடச் சொன்னார். கையெழுத்துதான் தானாக விழுமே. டாக்டர் வந்ததும் நிதானமாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஸ்லைடுப் பெட்டியை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்கள். நான் வந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டீ வந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மத்தியானம், ஒரு பெண் என்னைத் தேடி வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தேயிலைக் கறை ஏறிய விரல்கள். வரவேற்பில் இருந்த பெண், டாக்டர் நோயாளிகளைப் பார்ப்பதில்லை என்று மலையாளத்தில் எவ்வளவோ சொல்லியும் நகராமல் நின்றிருக்கிறாள். தமிழ்ச் சத்தம் கேட்டு நானே வெளியே வந்தேன். பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து மடிப்புக் கலையாத ஒரு ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினாள்.

"இது நீங்கதான டாக்டரம்மா?"

"ஆமா, நான்தான்."

"அப்பம் நீங்களே சொல்லுங்க. பெரியாஸ்பத்திரியில எனக்குப் புத்துன்னு சொல்லுதாக. கரண்டு வைக்கணும்ங்காக. இதுல ஒண்ணுமில்லன்னு எழுதி நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீக. எஸ்டேட்டு கிளார்க்கு வாசிச்சுச் சொன்னாரு. நான் யார நம்ப?"

உட்காரச் சொன்னேன். கேட்கக் கேட்கத்தான் விஷயம் புரிந்தது. ரிப்போர்ட் வாங்கிய நாலைந்து மாதத்தில் அவளுக்கு ரத்தம் போகத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து லய வீடுகளில் இருந்த பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டரம்மா பார்த்து ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், இது வயதுக் கோளாறு என்று சொல்லி, இவள் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்திருக்கிறாள். ஒரு வருடம். கடைசியில் மயங்கி விழுந்த பிறகுதான் ஜீப்பில் போட்டுக் கீழே கொண்டுவந்தார்கள். சதை எடுத்துச் சோதித்துவிட்டு, உடனே கதிர்வீச்சுச் சிகிச்சை, அவள் சொன்ன அந்தக் கரண்டு, தொடங்க வேண்டும் என்றார்கள். இவள் முடியாது என்று சொல்லிவிட்டு, தோட்டத்துக்குத் திரும்பிப் போய் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, காலை பஸ்ஸில் இறங்கி நேரே என்னிடம் வந்திருக்கிறாள். என் கையெழுத்தை நம்பி வந்திருக்கிறாள்.

ரிப்போர்ட்டின் தேதியைப் பார்த்தேன். அந்தத் தேதியில் நான் எங்கே இருந்தேன் என்பது எனக்கு மறக்கவே மறக்காது.

அவளிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்லாமல் அவள் கரண்டு வைக்கப் போக மாட்டாள் என்பதும் தெரிந்தது. இருந்தும் முதலில் சுற்றி வளைத்தேன். ஒன்றரை வருடத்தில் உடம்பு மாறலாம், அன்றைக்கு இல்லாதது இன்றைக்கு வந்திருக்கலாம் என்றேன். இதுகூடப் பொய்யில்லை. சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதுதான் என்னைக் கொன்றது.

"அப்படின்னா திரும்பவும் ஒருக்கா நீங்களே பாத்துச் சொல்லுங்க. நீங்க சொன்னாச் சரி."

"நான் பாக்கல," என்றேன்.

"என்னது?"

"அன்னைக்கும் நான் பாக்கல. நான் ஊருலேயே இல்ல."

தாளைத் திருப்பி என் பக்கம் காட்டினாள். "இது உங்க கையெழுத்துதான?"

"என்னோடதுதான். நான் போடல. மெஷின் போட்டுது."

கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும். அவளுக்கோ உண்மையிலேயே புரியவில்லை.

"மெஷினு போடட்டும் டாக்டரம்மா. நீங்க பாத்த பெறவுதான போடும்?"

இதற்குப் பதில் சொல்லத் தெரியாத படிப்பை நான் பத்து வருடம் படித்திருக்கிறேன். அவளை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, முதலாளி அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. என்ன கத்தினேன் என்று முழுதும் நினைவில்லை. எனக்கு வாய் நீளம் என்று வீட்டில் எல்லாரும் சொல்வார்கள், அன்று அது ஒரு காரியத்துக்கு ஆனது. அவர் சிரித்த முகம் மாறாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"டாக்டர் ஒந்நு இரிக்கூ. டென்ஷன் ஆக வேண்டா. டிஜிட்டல் ஒப்புக்கு இப்போ சட்டம் வந்தல்லோ. எல்லாம் லீகல் ஆணு."

"நான் பாக்காத ஸ்லைடுக்கு எந்தச் சட்டம் ஒப்புப் போடும்?"

"அது டெக்னீஷியனுக்கு வந்த ஒரு சின்னத் தப்பு."

மேஜைமேல் இருந்த அவருடைய டீயை எடுத்துக் குப்பைத் தொட்டியில் ஊற்றினேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் சின்னத் தப்பு என்ற சொல்லுக்கு அதைவிட மரியாதையாக எனக்கு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. என் கையெழுத்து எத்தனை இடத்தில் இருக்கிறது என்று, சத்தம் கேட்டு வாசலில் வந்து நின்ற டெக்னீஷியனைக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு விரல் விட்டு எண்ணினார். இங்கே இரண்டு கம்ப்யூட்டர், நெடுமங்காட்டுக் கிளையில் ஒன்று, விழிஞ்ஞத்தில் ஒன்று, ஆற்றிங்கலில் ஒன்று. அந்த ஊர்களுக்கெல்லாம் நான் ரிப்போர்ட் பார்த்ததே கிடையாது.

அலமாரி மேல்தட்டில் பெட்டி அப்படியே இருந்தது. சுற்றிக் கட்டிய ரப்பர் பேண்டு தொட்டதும் அறுந்தது. அவளுடைய ஸ்லைடைத் தேடி எடுத்து என் கையாலேயே சாயம் ஏற்றினேன். பழைய ஸ்லைடு, சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. பிடித்தமட்டும் போதுமானதாக இருந்தது. முதல் வருடம் படிக்கும் மாணவிகூடத் தப்பவிட முடியாத அணுக்கள். சிகிச்சை செய்து வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய கட்டத்தில் இருந்த நோயின் அணுக்கள். ஒன்றரை வருடம் எங்கள் தலைக்கு மேலே, தட்டில், தூசிக்குள் இருந்திருக்கின்றன. நாங்கள் கீழே நின்று டீ குடித்திருக்கிறோம்.

வெளியே வந்து அவளிடம் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் சொன்னது சரி, அன்றைக்கே நான் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும், இது எங்கள் தப்பு, என் தப்பு. நாளைக்கே சேர வேண்டும், கூட நான் வருகிறேன் என்றேன். அவள் ரிப்போர்ட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு அதை மடித்து மறுபடியும் உறைக்குள் வைத்துக்கொண்டாள். சரி என்று மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலம் என் தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் கழக்கூட்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தாள், என்னோடுதான் தங்கியிருந்தாள்.

"அக்கா, ஒனக்க மொதலாளி வச்சிருக்கது ஒப்பு இல்ல. ஒப்புக்க போட்டோ."

"சட்டம் இருக்குன்னு சொல்லுதானே அந்த ஆளு."

"சட்டம் சொல்லுக ஒப்பு வேற. அதுல படமே கெடையாது. ஒனக்குன்னு ஒரு சாவி தருவாங்க. ஒரு ரிப்போர்ட்ட நீ அத வச்சுப் பூட்டினா, பூட்டினது ஒனக்க சாவிதான்னு யாரு வேணும்னாலும் சோதிச்சுப் பாக்கலாம். பூட்டின பெறவு உள்ள ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக் குடுத்திரும்."

"அப்ப அது நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா நீ சாவியக் கழத்தி அவருட்ட குடுத்தா, அவரு பூட்டினாலும் நீ பூட்டினதாத்தான் காட்டும். நீ ஸ்லைடப் பாத்தியா இல்லியான்னு எந்த மெஷினுக்கும் தெரியாது கேட்டியா."

அவள் சொன்னது சுருக்கென்று தைத்தது. வெற்று லெட்டர்ஹெட்டில் கையெழுத்துப் போட்ட சனிக்கிழமைகளில் நான் கழற்றிக் கொடுத்ததும் அந்தச் சாவியைத்தான். கம்ப்யூட்டர் அப்போது அந்த லேப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

மிச்சம் நாற்பத்தொரு ஸ்லைடையும் அந்த வாரத்திலேயே பார்த்து முடித்தேன். இன்னும் இரண்டு பேரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. நானே எஸ்டேட்டுக்குப் போய் அழைத்தேன். அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். லேப் வேலையை விட்டேன். நடந்ததை எழுதி சுகாதாரத் துறை மேலிடத்துக்குப் புகார் அனுப்பினேன். பல மாதம் கழித்து ஒரு பதில் வந்தது. ரிப்போர்ட்டுகளை ஒத்துப் பார்த்ததில் அவற்றில் இருப்பது தங்கள் கையெழுத்துதான் என்று தெளிவாகத் தெரிகிறது, ஆகவே மேல் நடவடிக்கைக்கு இடமில்லை என்று எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தின் அடியிலும் அச்சில் வந்த ஒரு கையெழுத்து இருந்தது. போட்டவர் என் புகாரை வாசித்தாரா என்று எனக்குத் தெரியாது.

பிற்பாடு சட்டத்தைத் திருத்தி, எலக்ட்ரானிக் சிக்னேச்சர் என்று பெயரை இன்னும் அகலமாக்கினார்கள். நானும் முறைப்படி விண்ணப்பித்து ஒன்று வாங்கினேன். தங்கை சொன்ன சாவி அதுதான், பென் டிரைவ் மாதிரி இருக்கும், பாஸ்வேர்டு உண்டு. அதை வாங்கிய பிறகு நான் வேலைக்குச் சேர்ந்த இடங்களில் முதல் நாளே என்னிடம் கேட்டது என்ன தெரியுமா? டாக்டர், அதை இங்கேயே டிராயரில் வச்சிட்டுப் போங்க, பாஸ்வேர்டை ஒரு சீட்டுல எழுதிக் குடுத்திருங்க. கூச்சமே இல்லாமல் கேட்பார்கள். ஓர் ஆடிட்டர் ஆபீசில் அப்படி ஒரு டிராயர் நிறையச் சாவிகளை, மேலே பிளாஸ்டர் ஒட்டி மையால் ஆள் பெயர் எழுதி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஊரில் பாதிப் பெரிய மனிதர்களின் சம்மதம் அந்த டிராயருக்குள் கிடந்தது. நான் தர மாட்டேன் என்றதும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள். தலைக்கனம் பிடித்தவள் என்று எனக்கு ஒரு பெயரும் கிடைத்தது. இருக்கட்டும்.

என்னைத் தேடி வந்த அந்தப் பெண் நாலு வருடம் இருந்தாள். ஒன்றரை வருடம் முன்னால் சிகிச்சை தொடங்கியிருந்தால் எத்தனை வருடம் இருந்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

அவளைச் சிகிச்சைக்குச் சேர்த்த காலையைச் சொல்லி முடிக்கிறேன். சொன்னபடி நான் கூடப் போயிருந்தேன். நல்ல கூட்டம். சிகிச்சை தொடங்குமுன் நோயாளியின் சம்மதம் வாங்க ஒரு படிவம் உண்டு. இரண்டு பக்கம், வரிக்கு வரி இங்கிலீஷும் மலையாளமும். வரிசையை நகர்த்தும் அவசரத்தில் இருந்த நர்ஸ், இவளுடைய சேலையையும் கையையும் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மைப்பெட்டியைத் திறந்து கட்டைவிரலைப் பிடித்தாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. சீக்கிரம் முடியட்டும் என்றுதான் நினைத்தேன். அத்தனை நடந்த பிறகும்.

அவள் கையை உருவிக்கொண்டாள்.

"எனக்குப் பேரெழுதத் தெரியும்," என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு படிவத்தை எடுத்து என்னிடம் தந்தாள். "இதுல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல வாசிங்க டாக்டரம்மா. கேட்டுட்டுப் போடுதேன்."

பின்னால் வரிசை முணுமுணுத்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். புரியாத இடத்தில் நிறுத்தச் சொன்னாள், நிறுத்தித் திரும்பச் சொன்னேன். இரண்டு பக்கமும் முடிந்த பிறகுதான் பேனாவைக் கேட்டாள்.